வெற்றுக் கட்டத்துக்கும் மதிப்பெண்

மொரீஷியஸ் தீவின் நடு மேட்டுப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாக உயிரியல் கற்பித்து வருகிறேன். இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறிய ஆய்வைத் தாமே திட்டமிட்டுச் செய்து ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, கடலோர ஊர் ஒன்றில் நான்கு வீட்டு முற்றங்களில் கறுப்புக் கிண்ணங்களை வைத்து, கொசுக்கள் அவற்றில் இடும் முட்டைகளை வாரந்தோறும் எண்ணினாள். வீட்டுக்கு மூன்றாக 12 கிண்ணங்கள், 8 வாரங்கள், ஆக 96 கட்டங்கள் கொண்ட அட்டவணை. அவளுடைய முதல் வரைவில் அத்தனை கட்டங்களும் நிரம்பியிருந்தன. மனம் நிறைந்து ஓரத்தில் பச்சை மையில் ஒரு சரி போட்டேன்.

அன்றிரவு தேதிகளைச் சரிபார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. ஐந்தாம் வாரத்தின் முட்டைகளைச் சேகரித்ததாக அவள் எழுதியிருந்த நாளில் தீவு முழுவதும் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கையில் இருந்தது. இங்கே புயல் எச்சரிக்கைக்கு நான்கு நிலைகள் உண்டு. மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்டுவிட்டால் பேருந்துகள் நின்றுவிடும், கடைகள் அடைத்துவிடும், அவரவர் வீட்டுக்குள் மெழுகுவத்தியும் தண்ணீர்க் குடமுமாக அடங்கியிருப்பார்கள். அவள் வீடோ மேட்டுப் பகுதியில். கிண்ணங்கள் இருந்த ஊருக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அந்த நாளில் அவள் அங்கே போயிருக்க வழியே இல்லை.

மறுநாள் அழைத்துக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு உண்மையைச் சொன்னாள். மழையில் சில கிண்ணங்கள் வழிந்து போயின, சிலவற்றைக் காற்று கொண்டுபோயிற்று. அதற்கு முந்தைய வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் சராசரி எடுத்து அந்தப் பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பியிருக்கிறாள். "அட்டவணையில் ஓட்டை இருந்தால் மதிப்பெண் குறையும் என்று நினைத்தேன் மிஸ்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பாடத்திட்டக் கோப்பைத் திறந்து நான் எழுதி வைத்திருந்த மதிப்பெண் பங்கீட்டை அவளுக்குக் காட்டப் போனேன். அதில் நானே என் கையால் எழுதியிருந்தேன்: 'தரவு முழுமை, 10 மதிப்பெண்.' காட்டாமல் கோப்பை மூடிவிட்டேன்.

முதல் வரைவாக இருந்ததால் திருத்த வழி இருந்தது. துறைத் தலைவரிடம் விவரத்தைச் சொன்னோம். அவள் அந்த வாரத்தின் கட்டங்களை அழித்து, காரணத்தை எழுதி, எஞ்சிய ஏழு வாரங்களை வைத்தே ஆய்வேட்டை முடித்தாள். அதன்பின் நான் கற்பிக்கும் முறையில் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு கட்டங்களிலிருந்து தொடங்கியவை. அவற்றில் எவை பயன் தந்தன, எவை தரவில்லை என்பதை இதே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இங்கே மாணவர்கள் கொசுவை விரும்பித் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. 2005-06இல் பரவிய சிக்குன்குனியா, அண்டைத் தீவான ரீயூனியனில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கியது, மொரீஷியஸும் தப்பவில்லை. இன்றைய மாணவர்கள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்த தாத்தா பாட்டிகளின் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள். அதற்கும் முன்னால் மலேரியாவின் கதை இருக்கிறது. 1860களின் பிற்பகுதியில் அது ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. 1973இல் உலகச் சுகாதார நிறுவனம் தீவை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்த பிறகும் 1975இல் திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. ஆக, கொசுவைப் பற்றிக் கேள்வி கேட்க இங்கே யாருக்கும் தூண்டுதல் வேண்டியதில்லை. கேள்வியைச் சுருக்கத்தான் படாத பாடு படுகிறோம்.

பருவத்தின் முதல் வகுப்பில் நான் ஆய்வு முறையியல் பாடநூலைத் திறப்பதில்லை. எல்லோரையும் ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைக்கச் சொல்கிறேன். இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவருடைய தாளைப் பார்க்கலாம். பத்து நிமிடங்களில் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முதல் வரியாக வருவது 'ஒரு பெரிய தலைவரின் படம்' என்பதுதான். தாளில் இருப்பவர் இரங்கநாதன் சீனிவாசன், இத்தீவின் தமிழ் வழக்கறிஞர், அரசியல் தலைவர். தமிழ்ப் பிள்ளைகள் அதைப் பெருமையோடு எழுதுவார்கள். அப்போது நான் கேட்பேன்: 'பெரிய' என்பதைத் தாளில் எங்கே கண்டாய்? 'தலைவர்' என்பதை எங்கே கண்டாய்? ஒரு மனிதரின் முகம், சில எண்கள், மூன்று மொழிகளில் எழுத்து. இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது, மற்றவை நாம் ஏற்கெனவே அறிந்திருந்தவை. அந்த எழுத்துகளின் வரிசைக்காகவே 1998இல் இங்கே பெரும் கிளர்ச்சி நடந்தது. தமிழைக் கடைசிக்குத் தள்ளி அச்சிட்ட தாள்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதை அறிந்த மாணவர்கள்கூட, அன்று கையில் இருக்கும் தாளில் எந்த மொழி எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வதில்லை. கண்டதையும் கருதியதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதும் பழக்கம் அந்த மணி நேரத்தில் தொடங்குகிறது. குறிப்பேட்டின் இடப்பக்கம் ஒன்றுக்கு, வலப்பக்கம் மற்றொன்றுக்கு.

இரண்டாம் வாரம் டோடோ மரம். வெளியூரார் டோடோ என்றால் சிரிப்பார்கள், இங்கே அது முத்திரையிலும் சட்டையிலும் இருக்கும் பறவை. 1600களிலேயே அழிந்துபோனது. தம்பலகோக் என்ற காட்டு மரம் ஒன்று இத்தீவில் உண்டு. 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கருத்தை வெளியிட்டார். இம்மரத்தின் தடித்த ஓடுள்ள விதை, டோடோவின் அரைவைப் பையில் தேய்ந்து வந்தால்தான் முளைக்கும். டோடோ போனதால் மரமும் முந்நூறு ஆண்டுகளாகப் புதிதாக முளைக்கவில்லை. முதிய மரங்கள் 13 மட்டுமே எஞ்சின என்பது அவர் கூற்று. டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு 17 விதைகளைக் கட்டாயமாக ஊட்டினார். ஏழு நொறுங்கின. எஞ்சிய பத்தை நட்டதில் மூன்று முளைத்தன.

இந்த எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று கேட்பேன். 'வான்கோழி வயிற்றுக்குள் போனால் முப்பது சதவீதம் முளைக்கும்' என்பார்கள். சரி, வான்கோழிக்குக் கொடுக்காமலே பத்து விதைகளைப் பக்கத்தில் நட்டிருந்தால் எத்தனை முளைத்திருக்கும்? வகுப்பு அமைதியாகிவிடும். ஓர் ஆண்டு பின்வரிசைப் பையன் ஒருவன் தோளைக் குலுக்கி, "பா கோனே, மிஸ்" என்றான். கிரியோல் மொழியில் 'தெரியாது' என்று பொருள். நான் அவனை எழுந்து வரச் சொல்லி, அந்த இரண்டு சொற்களையே கரும்பலகையில் பெரிதாக எழுதச் செய்தேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து முகம் சிவந்தான். டெம்பிளின் ஆய்வில் இல்லாமற்போனது அதுவேதான் என்று விளக்கியபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஊட்டாத விதைகளை நட்டுப் பார்க்காத ஓர் ஆய்வு பாடநூல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. விதை தானாகவே முளைப்பதைத் தாவரவியலாளர் ஆர்தர் ஹில் 1941இலேயே எழுதியிருந்தார். 1979இல் இத்தீவின் வனத்துறையைச் சேர்ந்த ஓவதாலி அதே 'சயன்ஸ்' இதழில் மறுப்பெழுதினார். முந்நூறு ஆண்டுக்குக் குறைந்த வயதுடைய மரங்கள் காட்டில் இருக்கின்றன என்பது அவர் வாதங்களில் ஒன்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி. ஊட்டாமல் நடும் விதைகளைப் போல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் செய்யாமல் வைப்பதை ஆங்கிலப் பாடநூல் 'கண்ட்ரோல்' என்கிறது, நம் தமிழ்ப் பாடநூல்கள் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று மொழிபெயர்த்திருக்கின்றன. தமிழ் படித்த ஒரு மாணவி, "யாரை யார் கட்டுப்படுத்துகிறார்கள் மிஸ்?" என்று கேட்ட நாளிலிருந்து நான் 'ஒப்பீட்டு வரிசை' என்றே சொல்கிறேன். சொல் சரியாக அமைந்ததும் கேள்வி பாதி குறைந்துவிட்டது. இங்கே வீட்டில் கிரியோலும் செய்தித்தாளில் பிரெஞ்சும் தேர்வில் ஆங்கிலமும் கோயிலில் தமிழுமாக வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கலைச்சொல் எந்த மொழியில் நன்றாகப் பிடிபடுகிறதோ அந்த மொழியில் முதலில் பிடிபடட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆய்வுத் தலைப்பைச் சுருக்குவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறோம். துறையில் சிலர் இதை வீண் என்கிறார்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள மூன்று வாரம் வேறு இல்லை. 'காலநிலை மாற்றமும் மொரீஷியஸின் கொசுப் பெருக்கமும்' என்ற தலைப்போடு ஒரு மாணவன் வந்தான். எத்தனை ஆண்டுகளுக்கான தரவு வேண்டும் என்று கேட்டேன். யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். உன்னிடம் எத்தனை வாரம் இருக்கிறது, எந்தப் பேருந்தில் போவாய் என்று கேட்டேன். 2005 முதல் இங்கே மாணவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம் என்பதால், பேருந்து போகும் இடமெல்லாம் எங்கள் ஆய்வுக்களம், போகாத இடம் எதுவும் களமில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் அவன் கேள்வி இப்படி ஆனது: 'ஒரே முற்றத்தில் நிழலில் வைத்த கிண்ணத்தில், வெயிலில் வைத்த கிண்ணத்தைவிட அதிக முட்டைகள் கிடைக்கின்றனவா?' அவனுக்கு அது அவமானமாக இருந்தது. இதற்கெல்லாமா பட்டம் என்று முணுமுணுத்தான். பதில் எப்படியிருக்கும் என்று இப்போதே எழுதி, தேதி போட்டு, உறையில் ஒட்டி என்னிடம் கொடு என்றேன். 'நிழலில் இரண்டு மடங்கு' என்று எழுதிக் கொடுத்தான். உறையைக் கொடுத்த பிறகு அவன் நடையே மாறிவிட்டது, பந்தயம் கட்டியவனைப் போல.

கருவி இல்லை என்ற புகார் எல்லா ஆண்டும் வரும். அப்போது ரொனால்ட் ராஸைப் பற்றிச் சொல்வேன். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டவர், 1907-08இல் மொரீஷியஸுக்கு வந்து சில மாதங்கள் தங்கி மலேரியாவை ஆராய்ந்தார். எந்த ஊரில் நோய் எவ்வளவு என்று அறிய அவர் கைக்கொண்ட முதன்மையான வழி, பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, வீங்கிய பிள்ளைகளின் விகிதத்தை ஊர் ஊராகக் குறித்துக்கொள்வது. விரல்தான் கருவி. எங்கள் கருவி தயிர் டப்பா. வெளியே கறுப்புச் சாயம் பூசி, விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே மழைநீர் வடிய ஒரு துளை போட்டு, உட்சுவரைச் சுற்றிச் சொரசொரப்பான பழுப்புத் தாளை ஒட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றினால் ஏடிஸ் கொசு வந்து நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, ஈரத் தாளில் முட்டையிடும். புயல் வாரத்தில் அந்த மாணவியின் கிண்ணங்கள் வழிந்ததற்கு, அந்தத் துளையை மிகவும் மேலே போட்டிருந்ததும் ஒரு காரணம்.

கிண்ணத்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டு வைக்கக் கூடாது. விட்டால் முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, நாமே ஊருக்குக் கொசு வளர்த்துக் கொடுத்தவர்கள் ஆவோம். ஆய்வு நெறிமுறை என்ற பெயரில் பத்துப் பக்கம் படிக்க வைப்பதைவிட, 'அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உன் கிண்ணத்தைத்தான் பார்ப்பார்கள்' என்று சொன்னால் போதுமானதாக இருக்கிறது. வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதையும் அதோடு சேர்த்தே கற்கிறார்கள். ஒரு மாணவன் சொந்தப் பாட்டி வீடுதானே என்று அனுமதி கேட்காமல் கிண்ணம் வைத்தான். மூன்று வாரமும் அந்தக் கிண்ணம் காலியாகவே இருந்தது. முற்றத்தில் கொசுவே இல்லை என்ற முடிவுக்கு அவன் வந்துகொண்டிருந்தபோது நானும் ஒருநாள் கூடப் போனேன். தேவாரம் மனப்பாடமாகச் சொல்வார் அந்தப் பாட்டி, ஆனால் பேசுவது கிரியோல்தான். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அதனால் அன்றாடம் காலையில் தானே கொட்டிவிடுவதாகச் சொன்னார். பேரன் தலையில் கை வைத்துக்கொண்டான். பாட்டி செய்தது சரி என்று அவர் எதிரிலேயே சொன்னேன். பருப்பு வடை போன்ற காத்தோ பீமா ஒரு தட்டு வந்தது. அன்றிலிருந்து கிண்ணத்தின் மேல் தமிழிலும் கிரியோலிலும் எழுதிய ஒரு சீட்டை ஒட்டுகிறோம்.

எண்ணுவதற்கு வருகிறேன், இதில் நான் வாங்கிய அடி கொஞ்சமில்லை. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, கறுப்பு நிறம், ஓர் உளுந்தை இழுத்து நீட்டினாற்போன்ற வடிவம். ஒருமுறை ஒரே தாளை இரண்டு மாணவிகளுக்கு அடுத்தடுத்துக் கொடுத்தேன். ஒருத்தி 41 என்றாள், மற்றவள் 57. நான் உட்கார்ந்து எண்ணினேன், 48 வந்தது. மூவரும் ஒரே நுண்ணோக்கியில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தாளைப் பார்த்தோம். பிறகு மூவருமாக ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனபோது விவரம் தெரிந்தது. பொரித்துப்போன வெற்று ஓடுகளை ஒருத்தி எண்ணவில்லை. மற்றவள் ஓட்டையும், கழன்று கிடந்த அதன் மூடியையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறாள். நான் ஓடுகளை எண்ணியும், தாளின் ஓரத்தில் கொத்தாக இருந்தவற்றை விட்டுவிட்டேன். எண்ணுவது என்றால் குழந்தை வேலை என்று அதுவரை நானே நினைத்திருந்தேன்.

அன்று மேசையிலேயே விதிகள் எழுதினோம், அவற்றை இன்றுவரை மாற்றவில்லை. தாளில் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஓடு இருந்தால் அது ஒரு முட்டை, மூடி கணக்கில் இல்லை. ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாமல், வெவ்வேறு நாளில் எண்ண வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு பத்து சதவீதத்தைத் தாண்டினால் மூன்றாமவர் எண்ண வேண்டும். எந்தக் கிண்ணம் நிழல், எந்தக் கிண்ணம் வெயில் என்பது எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது. தாளின் பின்புறம் குறியெண் மட்டும் இருக்கும். இந்தக் கடைசி விதியை உறையில் பந்தயம் கட்டிய மாணவன்தான் முன்மொழிந்தான். நிழல் என்று தெரிந்தால் தன் கண் தானாகவே அதிகம் எண்ணுகிறது என்று ஒப்புக்கொண்டான். பாடநூலில் அதற்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறது. தானே கண்டுபிடித்த பிறகு பெயரைச் சொன்னேன், மறக்கவில்லை. முதல் வாரத்து எண்ணிக்கை முழுவதையும் ஒத்திகை என்று வைத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மனத்துக்கு வலிக்கும், ஆனாலும் செய்ய வேண்டும்.

குறிப்பேட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டிய நோட்டு, பக்க எண், பேனா. அடித்தால் ஒரே கோடு, அடிபட்டது படிக்க முடிய வேண்டும். அன்றைய பக்கத்தை அன்று மாலையே கைபேசியில் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். கணினியில் ஏற்றும்போது மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்கிறேன், ஏனெனில் 3/4 என்றால் எங்கள் மாணவர்களுக்கு ஏப்ரல் மூன்று, ஆய்வகக் கணினிக்கு மார்ச் நான்கு. விரிதாள் மென்பொருள் சில மரபணுக்களின் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் தொல்லை தாங்காமல் 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

புயல் வாரத்து மாணவியின் ஆய்வில் அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது, அதை அப்போது நானும் கவனிக்கவில்லை. நான்கு வீடுகளில் 12 கிண்ணங்கள் வைத்துவிட்டுப் 'மாதிரி அளவு 12' என்று எழுதினாள். நான் அதற்கும் சரி போட்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் ஊர் வழக்கு. ஒரே பானையிலிருந்து மூன்று சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் அந்தப் பானையைப் பற்றித்தான் தெரியும், அடுத்த பானை வெந்ததா என்று தெரியாது. அவளிடம் இருந்தவை நான்கு பானைகள். ஒரே முற்றத்துக் கிண்ணங்கள் ஒரே மரநிழலையும் ஒரே சாக்கடையையும் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் சூழலியல் ஆய்வுகளில் இந்தத் தவறு எவ்வளவு பரவலானது என்று எழுதிக் காட்டினார். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் அதை நான் படித்திருக்கிறேன். படித்தும் சரி போட்டேன். இப்போது பன்னிரண்டு வீடுகளுக்குப் போகிறோம், வீட்டுக்கு நிழலில் ஒன்று வெயிலில் ஒன்று. பேருந்து அலைச்சல் மூன்று மடங்கு. கணக்குப் போடுவது முன்பைவிட எளிது, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துப் பார்த்தால் முடிந்தது.

ஆய்வுக் கட்டுரை படிக்கக் கற்பிப்பதில் எனக்கு இன்னும் முழு வெற்றி கிட்டவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறார்கள். ஆகவே முதலில் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் நகலெடுத்துக் கொடுத்து, இதில் எழுதியவர் என்ன கேட்டிருப்பார் என்று ஊகிக்கச் சொல்கிறேன், பிறகு செய்முறைப் பகுதி, முன்னுரை கடைசியில். மேற்கோளுக்கு ஒரே விதிதான்: உன் கண்ணால் பார்க்காத கட்டுரையைக் குறிக்காதே. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு இந்த விதிக்கு வேலை கூடிவிட்டது. ஒரு வரைவில் இருந்த கட்டுரை ஒன்றை நூலகத் தளத்தில் தேடினேன். இதழ் உண்மை, ஆண்டு உண்மை, அந்தப் பக்க எண்களில் இருந்ததோ மீன்களைப் பற்றிய வேறொரு கட்டுரை. இப்போது வாய்மொழித் தேர்வில் பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டுக் காட்டி, இதைத் திற, இரண்டாவது படத்தை விளக்கு என்கிறேன். பட்டியல்கள் நாற்பதிலிருந்து பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டன.

எழுதும்போது அவர்கள் படும் பாடு வேறு. கிரியோலில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் ஒவ்வொரு வாக்கியமும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுவதற்கு முன் வேறு துறை மாணவர் ஒருவரிடம் மூன்று நிமிடம் கிரியோலில் சொல்லச் சொல்கிறேன். அதைக் கைபேசியில் பதிவு செய்து, கேட்டு, அந்த வரிசையிலேயே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'கிண்ணத்தை எங்கே வைத்தாய்?' என்று கணக்கியல் மாணவி குறுக்கே கேட்ட கேள்வியால் செய்முறைப் பகுதியில் விட்டுப்போன பாதி விவரங்கள் வந்துவிடுகின்றன. இதற்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிகப் பயன் இருந்தது.

கடைசியாக அந்த மதிப்பெண் பங்கீடு. 'தரவு முழுமை' என்ற வரியை நீக்கி, அந்தப் பத்து மதிப்பெண்ணை 'தரவு விளக்கம்' என்று மாற்றினேன். வெற்றுக் கட்டம் இருக்கலாம், ஆனால் ஏன் வெறுமை என்று பக்கத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்; அந்த வரிக்கு முழு மதிப்பெண். கருதுகோள் தவறிப்போனால் குறைக்க மாட்டேன் என்று முதல் வகுப்பிலேயே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். துறைக் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. சோம்பேறிகள் காலிக் கட்டத்தோடு வந்து நிற்பார்கள் என்றார்கள். முதல் ஆண்டு அப்படி இருவர் வந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஒருவன் ஏழு கட்டங்களுக்கு 'மழை' என்று எழுதியிருந்தான். அந்த நாட்களின் மழையளவை வானிலைத் துறையின் பதிவில் பார்த்துவரச் சொன்னேன், ஐந்து நாட்கள் நல்ல வெயில். அவனுக்குக் குறைத்தேன். மற்றபடி, வகுப்பில் கட்டங்கள் நிறையக் காலியாகின, எண்களும் முன்னைவிடக் கரடுமுரடாயின. பூச்சியங்கள் வந்தன, திடீரென்று 130 என்று ஒன்று வந்தது. கொசு முட்டை எண்ணிக்கை அப்படித்தான் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எனக்கு வந்த வழுவழுப்பான அட்டவணைகளை இப்போது நினைத்தால் எத்தனை பேருக்குப் பச்சை மையில் சரி போட்டேனோ என்று சங்கடமாக இருக்கிறது.

உறையில் பந்தயம் கட்டியவன் ஆறு வாரம் பன்னிரண்டு வீடுகளுக்கு அலைந்தான். கடைசி நாள் என் அறையில் உறையைக் கிழித்தோம். எட்டு வீடுகளில் நிழலில் அதிகம், மூன்றில் வெயிலில் அதிகம், இரண்டு மடங்கு என்று சொல்லும் அளவுக்கு எங்கும் இல்லை. பன்னிரண்டாவது வீட்டின் வரிசையில் எண்ணே இல்லை. அந்த வீட்டு நாய் இரண்டு கிண்ணங்களிலும் தண்ணீர் குடித்துவிடுமாம். அதைத் தேதியோடு ஆறு முறை எழுதியிருந்தான். விவாதப் பகுதியில், அந்த மூன்று வீடுகளில் மட்டும் ஏன் தலைகீழாக இருந்தது என்ற கேள்விக்குக் கீழே ஒரு பத்தி இடம் விட்டு, ஆங்கில ஆய்வேட்டின் நடுவே, கிரியோலில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தான். மொழிக்காகத் திருத்தச் சொன்னேன். திருத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தை எனக்காக ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.